பெல்ட்டின் கடைசிச் சாண்

வெள்ளைக் கொரோலா.
நார்த்டேலில் ஒரு வீட்டு முற்றத்தில்
கழுவித் துடைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்காக என்பதுபோல்
முகம் வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள்.

பூபாலன் செட்டி பானெட்டைத் தூக்கினார்.
எஞ்சின் பளபளத்தது.
ஏழு வருடம் ஓடிய எஞ்சின்
எதற்கு இப்படிப் பளபளக்க வேண்டும் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
ஒரே ஓனர், மா. டீச்சர்.
ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் எடுப்பார்.
சர்வீஸ் புத்தகம்?
வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது.

தெம்பின்கோசியைக் கூட்டிப்போயிருந்தேன்.
எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்களுக்கு
ஆயில் மாற்றுகிறவன்.
அவன் எஞ்சின் பக்கமே போகவில்லை.
நேராகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தான்.
இழுத்தான். இன்னும் இழுத்தான்.
எந்த வயிற்றுக்கும் தேவைப்படாத
அந்தக் கடைசி ஒரு சாண்
சுருளுக்குள்ளிருந்து வெளியே வந்தது,
தேநீர் நிறத்தில்.
ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு.

அமான்சி, என்றான் மெதுவாக.
தண்ணீருக்கு அவன் பாஷையில் அதுதான் பெயர்.

அதன்பிறகுதான்
தொங்கவிட்டிருந்த எலுமிச்சை வாசனைக்கு அடியில்
இன்னொரு வாசனை எனக்குத் தட்டுப்பட்டது.
ஸ்டெப்னிக் குழியில் விரல் விட்டேன்:
மாவுபோல் நைசான வண்டல்.
சீட்டுக்கு அடியில் திருகுகள் துருவேறி.
ஹெட்லைட் கண்ணாடிக்குள்
வெளியேற வழி தெரியாத ஒற்றைச் சொட்டு.
சோற்றுக்குள் பூசணிக்காயை மறைப்பார்கள்,
கேட்டிருக்கிறேன்.
இவர் எழுபதாயிரம் ராண்ட் காருக்குள்
ஒரு முழு ஆற்றை மறைத்திருந்தார்.

எந்த ஆறு, என்று கேட்டேன்.

செட்டி சாவிக்கொத்தைப் பார்த்தார்.
தெரியாது, மா.
எனக்கும் டீச்சர் கார் என்றுதான் சொன்னார்கள்.
தொண்ணூறு கொடுத்தேன்.
மழை வந்தால் வைப்பர் தானாக ஓடும்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஹார்ன் அடிக்கும்,
பக்கத்து வீட்டு நாய் அழும்.
எப்படியாவது தள்ளிவிட்டால்தானே நான்…
முடிக்கவில்லை.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

எங்களுடையது இசிப்பிங்கோ ஆறு.
அக்குளில் இடுக்கியிருந்த கைப்பைக்குள் முன்பணம்,
வீட்டை விற்ற பணத்தில் எண்ணி எடுத்தது.
ஹாலில் என் இடுப்பு உயரத்துக்கு
அந்தக் கோடு சுற்றிவர நின்றது.
தனபாலனும் நானும்
இரண்டு கை ப்ரைமர், அதன்மேல் இரண்டு கை க்ரீம்.
மறுபடி எட்டிப் பார்த்த மூலையில்
சோபாவை இழுத்துப் போட்டோம்.
வாங்க வந்தவள் பெயர் நோம்புசோ.
ஏழு மாத வயிறு.
சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து
புதுப் பெயின்ட்டா, என்றாள்.

தீபாவளிக்கு அடித்தது, என்றேன்.
அது ஜூலை மாதம்.
தீபாவளி எப்போது வரும் என்று
அவளுக்குத் தெரியாது.
அது எனக்குத் தெரியும்.

பானெட்டை நானே மூடினேன்.
டீ குடித்துவிட்டுப் போங்கள், என்றார் செட்டி.
குடித்தோம். மூன்று பேரும் நின்றுகொண்டே.
சர்க்கரை அதிகம்.

ஏன் அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை,
என்றான் தெம்பின்கோசி, டாக்சி ஸ்டாண்டுக்கு நடக்கையில்.
டர்பன் பக்கம் மேகம் கட்டியிருந்தது.
மழை வரும்போல, என்றேன்.

டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது.
பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்,
முழுவதும், அதற்குமேல் வராத வரை.
மா, எத்தனை பேரைச் சேர்த்துக் கட்டப்போகிறீர்கள்?
டிரைவர் சிரித்தான்.

சுத்தமாகத்தான் இருந்தது.
மாட்டிக்கொண்டேன்.