இறங்காத பயணி

வியாழக்கிழமை பத்து மணிக்கு
கல்யோ வந்து பூட்ஸைக் கழற்றுவார்.
அந்தச் சத்தம் கேட்டதும்
நான் என் பூட்ஸை மாட்டிக்கொள்வேன்.
"நீல மாத்திரை பன்னிரண்டுக்கு.
வெள்ளை, சாப்பிட்ட பிறகு.
தண்ணீரை அப்படியே கொடுத்துவிடாதீர்கள், புரையேறும்.
கெட்டியாக்கும் பொடி ஜன்னலோரம்…"
"போன வாரமும் இதைத்தான் சொன்னாய், மைமு.
போ."

ஹெல்டர்மா துறையில்
காரில்லாத பயணிக்கு ஒரு சீட்டு, போகவர.
தீவிலிருந்து அக்கரைக்கு ஒன்றேகால் மணி நேரம்.
அக்கரையில் எனக்கு யாருமில்லை.
அதனால்தான் அக்கரை.

இது எப்படித் தொடங்கியது என்று சொல்லக் கூச்சம்.
ஜனவரியில் ஓர் இரவு,
மூன்றாம் முறையாக விரிப்பை மாற்றும்போது
எண்டெலின் முழங்கையைத்
தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்துவிட்டேன்.
அவன் கத்தவில்லை.
"மன்னித்துக்கொள்" என்றான்.
அவன்!
காலையில் நான்கு விரல் தடம்.
கட்டைவிரல் மறுபக்கம் பதிந்திருக்கும்.
திருப்பிப் பார்க்கவில்லை.

செவிலி ஆய்லி பார்த்தாள்.
திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.
என் கையில் பட்டையைச் சுற்றி
ரத்த அழுத்தம் எடுத்தாள்.
எண்ணைச் சொல்லவில்லை.
"வியாழக்கிழமை யார் வருவார்கள்?" என்றாள்.
யாராவது வருவார்களா என்று கேட்கவில்லை.
யார் என்று.

முதல் மூன்று வாரம்
கைபேசியையே பார்த்துக்கொண்டு போனேன், வந்தேன்.
நடுக்கடலில் சிக்னல் போய்விடும்.
வயிற்றுக்குள் ஏதோ அறுந்து விழும்.
நான்காம் வாரம்
அதே இடத்தில் சிக்னல் போனபோது
எழுந்து போய்ப் பட்டாணி சூப் வாங்கினேன்.
நாக்கு சுட்டது.
எவ்வளவு காலமாயிற்று
எதையும் சூடாகச் சாப்பிட்டு.
மிளகு அதிகம். முழுவதும் குடித்தேன்.

போன வாரம் தூங்கிவிட்டேன்.
வாய் திறந்து, கோட்டுக் காலரில் எச்சில் வழிய.
கப்பல் கரை தொட்டதோ
லாரிகள் இறங்கியதோ தெரியாது.
துடைப்பத்தோடு வந்த பையன் தோளைத் தொட்டான்.
"அம்மா, ரொஹுக்கூலா வந்துவிட்டது.
இறங்கவில்லையா?"
"இல்லை தம்பி. திரும்பிப் போகத்தான் வந்தேன்."
கொஞ்சம் யோசித்தான்.
என் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனான்.

வீட்டு வாசலிலேயே சிரிப்புச் சத்தம்.
கல்யோ சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார்,
எண்டெல் கண்டுபிடித்துவிட்டான்,
நடுங்கும் கையால் ராணியை மேசையில் அறைகிறான்.
சவரம் வேறு நடந்திருக்கிறது.
இடது காதோரம் ஒரு கொத்து விட்டுப்போயிருந்தது.

சந்தோஷப்படத்தானே வேண்டும்?
எனக்குச் சுருக்கென்றது.
நான்கு வருடம் நான் சிரிக்கவைக்காதவனை
ஒரு பழைய சீட்டுக்கட்டு.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
அடுக்களைக்குப் போய்
கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவினேன்.
பொறாமைதான், வேறு பெயர் எதற்கு.
மூன்றாவது கோப்பையில் பாதி கரைந்தது.
மீதி இன்னும் இருக்கிறது, இங்கேதான் எங்கேயோ.

இரவு போர்வையை இழுத்துவிடும்போது கேட்டான்:
"கடல் எப்படி?"
"பார்க்கவில்லை. தூங்கிப்போனேன்."
அவனுக்கு ஒரு வாக்கியம் கோர்க்க நேரமாகும்.
விளக்கை அணைக்காமல் நின்றேன்.
"குறட்டை…
மூடுபனிச் சங்கு என்று நினைத்து
மாலுமி… திசை மாற்றியிருப்பான்."

காதோரத்துக் கொத்தை
நான் மழிக்கவில்லை.
கல்யோவின் வேலை அது. அப்படியே இருக்கட்டும்.

இன்று புதன்.
நாளை காற்று பலக்கும், கப்பல் ஓடாதாம்.
வானொலியில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள்.
பூட்ஸை எடுத்துக் கதவருகே வைத்தாயிற்று.
ஓடாவிட்டால்
துறையில் உட்கார்ந்திருப்பேன்,
போகவர ஆகும் நேரம்வரை.