முப்பத்தாறாம் மணி

ஆயர் தாவார் தாண்டி, செம்பனைக்குள் கிடக்கிற
எங்கள் பொரிப்பகத்தில்
நேற்று நான்கு மணிநேரம் மின்சாரம் இல்லை.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.
"லோகேஸ், பத்து முட்டையை உடைத்துப் பார்,
செத்திருந்தால் ட்ரேயோடு தூக்கிவிடலாம்"
என்று மலாயில் சொல்லிவிட்டுத்
தவுக்கே மழைக்குள் போனார்.

பத்துத் தட்டு.
எட்டாவதில் கை நின்றது.
மஞ்சள்கருவின் மேல் வெளிறிய வட்டம்,
அதன் ஓரமெங்கும் செம்புள்ளிகள்;
மழை விட்ட பிறகு தோட்டத்து ரோட்டில்
குழிக்குக் குழி தனியாய் நிற்குமே நீர்,
அந்த மாதிரி.

நரம்பு என்போம் நாங்கள், பேச்சுக்கு.
நரம்பில்லை, குழாய்.
குழாய்கூட இல்லை இன்னும்,
குழாயாகப் போகிற செல்கள்.
எஸ்.டி.பி.எம். உயிரியலில் எனக்கு பி மைனஸ்.
இந்த ஒரு பக்கம் மட்டும் மறக்கவில்லை:
உண்டான இடத்தில் அவை நிற்பதில்லை.
மூச்சுப் பற்றாத ஏதோ ஒரு மூலை
இங்கே இங்கே என்று கசியவிடுவதை
மோப்பம் பிடித்து
விரல் போல ஒன்றை நீட்டி,
தடவி, இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டி
இன்னொன்றின் விரல் தட்டும்வரை ஊரும்.
தட்டினால் விடாது.
ஒட்டி ஒட்டிக் கயிறாகும்.
பிறகு அந்தக் கயிறு
தன் நடுவைத் தானே காலி செய்யும்.

யாருக்காக?
ரத்தம் ஓடத் தொடங்கவில்லை.
இதயம் வெறும் மடிப்பு,
துடிக்கப் பழகவில்லை.
தண்ணீருக்கு முன்னே வாய்க்கால்.

சுமியாத்தி தேநீருக்குக் கூப்பிட்டாள்.
நான் தட்டை மூடி
இயந்திரத்தின் சூடான தலைமேல் வைத்தேன்.
ஏன் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

ஒரு மணிநேரம் கழித்துத் திறந்தால்
இரண்டு குழிகளுக்கு நடுவே
மயிரிழைச் சிவப்பு.
நடுவில் ஏதோ அசைந்தது.
இல்லை, இமைத்தது நான்தான்.
பிறகு
நான் இமைக்காதபோதும் அசைந்தது.

ஏட்டில் எழுதினேன்:
உடைத்தது பத்து. உயிரோடு பத்து.
தவுக்கே சிரித்தார், முதுகில் தட்டாத குறை;
மிச்ச முட்டைகளை
அவரே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஒன்பது தட்டுகளைக் கவிழ்த்துவிட்டேன்.
எட்டாவதோடு வாளி வரை நடந்தேன்.
என் உள்ளங்கைச் சூட்டில் அது இன்னும்
வழி போட்டுக்கொண்டிருந்தது.