மூன்றாம் ஜன்னல், ஏழாம் கட்டம்

இழப்பீட்டு அலுவலகம், மோசுல், ஆற்றின் வலக்கரை.
மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் நான், தன்னூன்.
என் வேலை கூட்டல்.
இல்லாமல் போனவற்றைக் கூட்டுவது.

கவ்லா என்றொருத்தி படிவம் நீட்டினாள்,
மருந்துக்கடைப் பெண், விரலில் அயோடின் கறை.
ஏழாம் கட்டம், இழந்த வீடுகளின் எண்ணிக்கை:
நாற்பத்தொன்று.

அம்மணி, நாற்பத்தொரு வீடு
ஒட்டோமான் பாஷாவுக்கே இருந்திருக்காது, என்றேன்.
வரிசையில் ஒருவர் சிரித்தார்.
அவர் இழந்தது ஒன்று, அதிலும் பாதி.

"பைத் என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்?"

எங்கள் பாஷையின் கஞ்சத்தனம் அது.
குடியிருப்பதும் பைத்,
கவிதையில் ஈரடியும் பைத்.
பத்துவரை எண்ணினால் பன்மை வந்து பாகம் பிரிக்கும்:
வீடென்றால் புயூத், கவிதையென்றால் அப்யாத்.
பதினொன்றில் இலக்கணம் கைவிரித்துவிடும்,
மறுபடி ஒருமை, மறுபடி பைத்.
அவள் ஒன்பது என்று எழுதியிருந்தால்
அங்கேயே பிடித்திருப்பேன்.

அவள் இருந்தது வாடகைக்கு.
உரிமையாளர் போன மாதமே வந்து
கையெழுத்திட்டு, தேநீர் குடித்துப் போய்விட்டார்.
மாடி அலமாரியில் இருந்த நோட்டு
யார் பெயரிலும் பதிவாகவில்லை.
ஒரே கஸீதா. நாற்பத்தொரு பைத்.
பதினொரு வருஷம்.

படிவம் நீளம். அவள் ஒரு கட்டத்தையும் விடவில்லை.
கதவுகள்: நாற்பத்தொன்று. எல்லாம் இரட்டைக் கதவு.
(ஈரடியில் ஓரடிக்கு மிஸ்ரா என்று பெயர்,
இரட்டைக் கதவில் ஒரு பலகை.)
கட்டுமானப் பொருள்: கயிறு, முளை.
அதிலும் பொய்யில்லை. அசைக்குப் பெயரிட்டவர்கள்
கூடாரத்தை மனத்தில் வைத்துத்தான் இட்டார்கள்,
ஈரெழுத்து கயிறு, மூவெழுத்து முளை.
கூரை: ஆட்டுமயிர்.
மயிருக்கும் கவிதைக்கும் அதே மூன்று எழுத்து;
உயிர்க்குறி போடாதவரை
எது போர்த்தும் எது பாடும் என்று
காகிதத்துக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் கட்டம்: சேதம் முழுமையா, பகுதியா?
அங்கேதான் பேனா நின்றது.
ஒன்பது மனப்பாடம், என்றாள்.
ஆறு போயே போய்விட்டன.
எல்லாம் "ஆன்" என்று முடிந்தன, அவ்வளவுதான் தெரியும்.
மீதி இருபத்தாறில் வலது பலகை மட்டும் நிற்கிறது,
இடப்பக்கம் வானம்.

பகுதி, என்று எழுதினேன்.
இருபத்தாறு ஒற்றைப் பலகைகளையும்
அவள் கையெழுத்திலேயே இணைத்து, முத்திரை குத்தினேன்.

கோப்பு திரும்பி வந்தது, சிவப்பு மையோடு:
தளத்தின் நீள அகலம் இல்லை. புகைப்படம் இல்லை.
அளவையாளர் போய்ப் பார்க்க முகவரி இல்லை.

கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோவது விதிமீறல்.
கொண்டுபோனேன்.
ஜெனரேட்டர் அடங்கும்வரை படித்தேன். பதினாலாவது:
ஆறு தன் பாலங்களை எண்ணிக்கொண்டே தூங்கப்போகிறது
அதற்கப்புறம் வெட்டவெளி.
கவிதை எனக்கு வராது.
ஆனால் பாலம் ஐந்து, அது தெரியும்.
இரண்டு மணிவாக்கில், மெழுகுவத்தியில்
ஒரு பலகை அறுத்தேன்:
ஐந்துக்கு வராமல் மறுபடி ஒன்றில் தொடங்குகிறது

ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.
ஜன்னல் வழியே, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.
அவளுக்குப் பின்னால் முப்பது பேர், ஆளுக்கொரு கோப்பு.
கண்ணை மூடிக் கேட்டாள். பலகையில் விரலால் தட்டினாள்,
கயிறு, முளை, கயிறு, முளை.
நின்றாள். திரும்பத் தட்டினாள்.

"ஒரு முளை கூடுதல். முடிவிலும் 'ஆன்' இல்லை.
கீல் கிறீச்சிடுகிறது."

சாத்துகிறதா, என்றேன்.

யோசித்தாள்.
"காற்று வரும்."

பிறகு கோப்பைத் தன் பக்கம் திருப்பி,
ஏழாம் கட்டத்தை அடித்து,
மேலே நாற்பது என்று எழுதினாள்.