மூன்று விழுக்காடு

ரெஜைனா. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்ட்டில் மோகனம் வாசிக்கிறேன்;
மடிக்கணினி கேட்டபடியே கணக்குப் போடுகிறது.
காந்தாரத்துக்குப் பின் பஞ்சமம்: நாற்பத்தொன்று.
ரிஷபம்: முப்பத்தெட்டு.
நான் தயங்குவதற்கும் ஓர் எண்.

அப்போது தெருவில்
பனி அள்ளும் வண்டி ரிவர்ஸ் எடுத்தது,
பீப் பீப் பீப்,
சுத்த மத்யமத்தில்.

வில்லைக் கீழே வைத்தேன். இனி உன் முறை.

தாயம் உருட்டுவதுபோல் அது
என் பிடிகளைக் கலைத்துக் கலைத்துப் போட்டது.
சில எனக்கே தோன்றாதவை. பல உளறல்.
பதினான்காம் சுற்றில்
க... ம.
மோகனம் கால்வைக்கக் கூடாத இடம்.

மூன்று விழுக்காடு என்றது திரை.
அழிக்கப் போன விரல்
அங்கேயே நின்றது.

மறுபடி வா என்று
காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
மேலே குகதாசன்
சோறு ஆறுது என்று இன்னொரு தடவை கத்த.