திறப்புக் கோர்வை

நாற்பத்தொரு திறப்பு என் இடுப்பில்.
படி ஏறினால் சத்தம் எனக்கு முன்னால் போகும்.
பெடியள் சிகரெட்டை நூர்ப்பார்கள்.
ஆசிரியர்கள் கண்ணைத் துடைப்பார்கள்.

ஓல்டனில் கார்த்திகை என்றால் மூட்டம்.
ஆரே ஆறு இருக்கிறதா என்று
பாலத்தில் நின்று காதால்தான் பார்க்கவேணும்.
அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை
யானிக்கின் சைக்கிள் வீடு போய்ச் சேரவில்லை.

மறுநாள் கன்டோன் ஆட்களை அனுப்பியது,
பிள்ளைகளோடு கதைக்க இரண்டு பேர்.
நூலகத்தில் வட்டமாய்க் கதிரை போட்டேன்,
இருபத்திநாலு கதிரை, ஆறு டிஷ்யூப் பெட்டி.
பின்னேரம் ஆசிரியர்களோடு கதைக்க ஒருத்தர்.
அதற்கும் கதிரை போட்டேன்.
கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

"ஹெர் குலம், லாக்கர் நூற்றுப் பதினேழு" என்றார் அதிபர்.
"வெள்ளிக்கிழமை தாய் தகப்பன் வருவார்கள்."
நாற்பத்தொன்றில் ஆகச் சின்னத் திறப்பு அது.

வலது கால் சப்பாத்து. இடதைக் காணவில்லை.
பிரெஞ்சுச் சோதனைத் தாள், மூன்றரைப் புள்ளி,
பெற்றோர் கையெழுத்து வைக்கிற கோடு வெறுமையாய்.
பிறகு ஒரு ஆப்பிள்,
கறுத்துச் சுருங்கி,
கடித்த பல் அப்படியே பதிந்து.

மற்றதெல்லாம் பெட்டிக்குள் அடுக்கினேன்.
அதைக் குப்பையில் போடக் கை வரவில்லை.
தாயிடம் கொடுக்கிற பொருளா அது?
கொதிகலன் அறையில், பல்ப் பெட்டிகளுக்குப் பின்னால்
பேப்பரில் சுற்றி வைத்தேன்.
மனிசிக்கும் சொல்லவில்லை.

ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு தாள் வந்தது.
நீல எழுத்தில், பாரமாய் இருக்கிறதா, கதையுங்கள் என்று.
கீழே வெட்டிவிட்ட பதினாலு துண்டு,
பதினாலிலும் ஒரே தொலைபேசி இலக்கம்.
ஒட்டின இடம் கோப்பி மெஷினுக்கு நேர் மேலே!
கிழிக்கிறவனை முழுப் பள்ளிக்கூடமும் பார்க்கும்.
இரவில் கூட்டும்போது எண்ணுவேன்.
பதினாலு.
பதினாலு.
பதினாலு.

ஒன்பதாம் அறையில், ஆள் அசையாவிட்டால்
பத்து நிமிடத்தில் விளக்கு தானாய் நூரும்.
இருட்டு என்றால் வெறும் அறை என்று அர்த்தம்.
ஏழரைக்கு வாளியோடு உள்ளே போனேன், விளக்கு எரிந்தது.
ஏபிஷர் டீச்சர். கோட்டும் கையுறையும் போட்டபடி.
முன்னால் திருத்தாத கொப்பிகள்,
மூடி திறந்த சிவப்புப் பேனை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம்.

"மூன்றரை போட்டது நான்" என்றா.
"நாலு போட்டிருக்கலாம்.
கையெழுத்து வாங்காமல் வராதே என்று
கடைசியாய்ச் சொன்னதும் நான்."
எனக்குத் தெரிந்த டொச்சில்
அதற்கு மறுமொழி இல்லை. தமிழிலும் இல்லை.
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன்.
ஆப்பிளைப் பற்றிச் சொன்னேன்.
கன நேரம் அசையாமல் இருந்தோம் போல,
விளக்கு நூர்ந்துவிட்டது.
ஒருத்தரும் கையை ஆட்டவில்லை.

மறுநாள் பதின்மூன்று.

அந்தத் தாள் எனக்கும் சேர்த்துத்தானா
என்று கேட்க ஆளில்லை.
வியாழன் இரவு, கூட்டி முடித்தபின் ஒன்று கிழித்தேன்.
மூன்று நாள் சட்டைப்பையில் திரிந்தது.
நாலாம் நாள் பாலத்தடியில் நின்று எடுத்தேன்.
"நீங்கள் ஆசிரியரா?" ஒரு பெண் குரல்.
"இல்லை, திறப்பு வைத்திருக்கிறவன்."
கொஞ்சம் நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
வைத்துவிடுவா என்று நினைத்தேன்.
"எத்தனை திறப்பு?" என்று கேட்டா.
அதற்குப் பிறகு நான்தான் கதைத்தேன்,
கைபேசி சூடாகும்வரை.

ஆப்பிள் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
அடுத்த செவ்வாய் போய்க் கதைக்க நேரம் தந்திருக்கிறார்கள்.

இன்று இரவு எண்ணினேன், பதினொன்று.
அவவினது ஒன்று, என்னுடையது ஒன்று.
மூன்றாவது யார் என்று யோசிக்கத் தொடங்கி, நிறுத்தினேன்.
தாளைக் கழற்றிக்கொண்டுபோய்
கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன்,
தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில்,
இருந்தபடியே கை எட்டுகிற உயரத்தில்.

அதிபர் கேட்டால்
சுவரில் ஈரம் என்று சொல்லலாம்.