மேலே விழுதல்

காலிப் பெட்டி, பிரேக் விட்டால்
கீழே விழாது.
மேலே விழும்.
பதினேழு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவள் சொல்கிறேன்,
நம்பலாம்.
எதிர்எடை பெட்டியைவிடக் கனம்.
பாதிச் சனம் ஏறினால்தான் தராசு நேராகும்.
ஆளில்லாத பெட்டி
கூரையைப் பார்த்துக் கிளம்பிவிடும்.

வினிபெக்கில் பிப்ரவரி கடைசி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு
இன்னும் ஒரே ஓர் இரவு.

தொலைபேசியில் பேசிய பெண்
என்னை முதிர்ந்த மாணவர் என்றாள்,
பழத்தை அமுக்கிப் பார்க்கிற குரலில்.
பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் அறுபத்தொன்று.
அது செல்லாதாம். மறுபடி எழுத வேண்டுமாம்.
அந்தப் பள்ளிக்கூடமே இப்போது மெத்தைக் கடை.

எப்படியும் நாற்பத்து நாலு வயது வரத்தானே போகிறது,
பட்டத்தோடு வரட்டுமே என்கிறார்கள்.
சொல்கிறவர்கள் யாருக்கும்
வீட்டுக்கடன் பாக்கி இல்லை.

ஜில்பேர் பனி வாருகிற வண்டி ஓட்டுகிறவன்.
விடிகாலை வந்து, பூட்ஸைக் கழற்றாமல்,
அபராதச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டான்.
என் சம்பளம் போனால், அவன் சம்பளம் நின்றால்,
ஃபர்னஸ் இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கினால்.
தாங்கினால் என்பதன் கீழே இரண்டு கோடு.
பிறகு நிமிர்ந்து, உனக்கு வேணுமா என்றான்.
கோபம் வந்தது.
மற்ற எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் பென்னர்.
இருபத்தாறு வயசுப் பொறியாளன், கீறல் விழாத தலைக்கவசம்.
அக்டோபரில், ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியறையில்,
உன் வரைபடத்தில் கப்பி தவறு,
கயிறு வழுக்கும் என்றேன்.
எப்படித் தெரியும் என்றான்.
கை வைத்தால் தெரியும்.
அவன் சண்டை போடவில்லை.
திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால்
எவ்வளவு சௌகரியம்.
மின்பெட்டிமேல் படிந்த தூசியில் விரலால்
ஒரு சமன்பாடு எழுதினான்,
நீங்கள் சொல்வதுதான் சரி என்றான்.
நடுவில் ஓர் எழுத்து: ஈ.
எழுத்தில்லை, எண்ணாம்.
இரண்டு புள்ளி ஏழு ஒன்று எட்டு,
அதற்குமேல் முடிவே இல்லாமல்.
அவன் போன பிறகும் நான் துடைக்கவில்லை.
பறந்துவிடுமோ என்று
கதவை மெதுவாகச் சாத்தினேன்.

இன்றிரவு அதே அறை.
கால்குலேட்டரில் நானே போட்டுப் பார்த்தேன்.
உராய்வு. கயிறு கப்பியைத் தழுவும் கோணம்,
நூற்றெண்பது.
விடை பதினாறு இலக்கம்.
அவ்வளவு பிடி இருந்தால் அந்தக் கயிற்றில்
ரயில் நிலையத்தையும் உறைந்த இரண்டு ஆறுகளையும் கட்டி
எட்டாம் மாடிக்கு ஏற்றலாம்.
தனியாக நின்று சிரித்தேன்.
தப்பு என்று கை சொல்கிறது.
எங்கே தப்பு என்று
கைக்குத் தெரியவில்லை.
பசி மாதிரி இருந்தது.
பையில் சாண்ட்விச் இருந்தது.
அதுவல்ல.

கிளம்புமுன் நெம்புகோலால் பிரேக்கைத் தளர்த்தினேன்.
சோதனைதான், ஏட்டில் எழுத வேண்டியது.
ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு காலிப் பெட்டி, யாரும் அழைக்காமல்,
மேலே வர ஆரம்பித்தது.
ஒரு மாடி விட்டேன்.
இன்னும் அரை மாடி விட்டேன்.
அது ஏட்டில் இல்லை.

வண்டிக்குள் கண்ணாடியெல்லாம் பனிப்பூ.
திரையில் விண்ணப்பம்.
பெயர் ஒரீசியா ஹ்னாட்யுக். வயது முப்பத்தொன்பது.
கட்டணம் நூற்றிருபது டாலர்,
திருப்பித் தர மாட்டார்கள்.
ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டம்,
ஐந்நூறு எழுத்துக்கு இடம்.
கோணத்தை எப்படிப் போட வேண்டும்
என்று எழுதினேன்.
பதில் கேட்ட இடத்தில் கேள்வி.
அழிக்கவில்லை.

நள்ளிரவுக்கு நாற்பது நிமிடம்.
கையுறை போட்ட விரலைத் திரை மதிப்பதில்லை.
வலது கையுறையின் நுனியைப்
பல்லால் கடித்து இழுத்தேன்.
குளிர் முதலில்
கட்டைவிரலைக் கண்டுபிடித்தது.