இரண்டடி பின்னால்

லுசாக்காவில் நவம்பர் மழை
சொல்லிக்கொண்டு வருவதில்லை.
ஆராதனை முடிகிற நேரத்துக்குத்தான் வரும்,
நூற்றுப்பத்துக் கார்களும்
ஒரே வாசலை நினைக்கிற நேரத்துக்கு.

ஒன்பது வருடம் அந்த வாசல் நான்.
வாரநாளில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
பிறர் ரத்தத்தை எண்ணுகிறவன்;
ஞாயிறென்றால் ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் விசில்.
எந்த டீக்கனுக்கு நிழல் வேண்டும்,
எந்தச் சகலைகளை அடுத்தடுத்து நிறுத்தக் கூடாது,
முவாலே வீட்டு வேனுக்கு ரிவர்ஸ் விழாது,
எல்லாம் என் தலைக்குள்.
எழுதி வைக்கச் சொன்னார்கள்.
மழையில் தாள் நனையும் என்றேன்.

மார்ச்சில் மலேரியா. இரண்டு ஞாயிறு படுக்கை.
நீ இல்லாமல் எல்லாம் குலைந்துபோனது என்றார்கள்.
சொல்லக் கூசுகிறது:
காய்ச்சலிலும் அது இனித்தது.

அப்புறம்தான் நமுகோலோவைக் கேட்டேன்.
என் வயதுதான். என்டோலா சாலையில்
பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவள்.
பாடகர் குழுவில் இடமில்லையென்று எங்களிடம் வந்தவள்.
ஆறு வாரம் பக்கத்தில் நிற்க வைத்தேன்.
அவள் கை எழுமுன் என் கை எழுந்தது.
ஏழாம் வாரம் சொன்னாள்:
"நீ நிற்கிற வரைக்கும்
எல்லா டிரைவரும் உன்னைத்தான் பார்ப்பான்.
உள்ளே போய் உட்கார்."

உட்கார்ந்தேன். கடைசி வரிசை.
ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப்
பிரசங்கம் முழுவதும் காதில் விழுந்தது,
ஒரு வார்த்தையும் தங்கவில்லை.
தகரக் கூரையில் மழை.
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
விசில் அங்கே இல்லை.

வெளியே வந்தால்
பின்வாசல் திறந்து கிடக்கிறது.
ஏதோ பழைய சண்டைக்கு நான் பூட்டிய வாசல்;
யாரோடு சண்டை என்பது மறந்துபோனது,
பூட்டு மறக்கவில்லை.
சாவிக்கொத்தில் அதையும் சேர்த்தே
கொடுத்திருக்கிறேன் போல.
செம்மண் சேற்றில் இரண்டு வரிசையாய்க்
கார்கள் பிரிந்து போய்க்கொண்டிருந்தன.
சகலைகள் இருவரும் அடுத்தடுத்து;
ஒருவர் கை காட்டி மற்றவருக்கு வழிவிட்டார்.
(அடுத்த வாரம் முட்டிக்கொள்ளலாம். தெரியாது.)

வாசலில் அவள் இல்லை.
கலுபா நின்றான், வங்கிக் காவலாளி,
மேலங்கி அவனுக்குத் தொளதொள.
அவள் தள்ளி நின்று, கைகட்டி,
அவன் தப்பு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
திருத்தவில்லை.
முதல் நாளே.

உதவட்டுமா என்று வாயெடுத்தேன்.
கலுபா விசில் ஊதினான்:
"அந்த வெள்ளை கொரோலா! வழியை மறிக்குது.
இரண்டடி பின்னால்!"

யாருடையது என்று
நானும்தான் திரும்பிப் பார்த்தேன்.